முன்னால் கூப்பிட்டும் வராத ஐந்து பேர்

ஏஜென்ட் தனசேகர் பொய் சொல்லியிருக்கிறார். பழவேற்காட்டுப் பக்கம் கோட்டைக்குப்பத்திலிருந்து மஸ்கட்டுக்கு மீன்பிடி வேலைக்குக் கிளம்பிய ஐந்து பேர் போன மாதம் விமானத்தைத் தவறவிட்டார்கள். ஏர்போர்ட்டில் குடித்துவிட்டு எங்கேயோ படுத்துத் தூங்கிவிட்டார்கள் என்று அவர் ஊருக்குள் சொன்னார். அதையே மஸ்கட்டில் வேலை கொடுக்கும் கம்பெனிக்கும் எழுதி அனுப்பினார். ஐந்து பேரும் குடிக்கவில்லை, தூங்கவில்லை. கையில் போர்டிங் பாஸோடு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய விசா இன்னும் சில வாரங்களில் காலாவதியாகிவிடும். குடித்தவன் என்று பெயர் வந்துவிட்டால் கம்பெனி மறுபடி டிக்கெட் போடாது. வேறு ஏஜென்ட்டும் தொடமாட்டான். எங்கள் ஏரியின் முகத்துவாரம் மண் மூடி மீன் வராமல் கிடக்கிற இந்த வருஷத்தில் அந்த ஐந்து வீட்டுக்கும் வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஏர்போர்ட் ஊழியர் சங்க இதழில் ஓய்வுபெற்றவர்கள் அனுபவம் எழுத வேண்டும் என்று இப்போது வேலையில் இருக்கும் பெண்கள் கேட்டார்கள். கூட்டமான ஏர்போர்ட்டில் ஜனங்கள் சீக்கிரம் உள்ளே போக என்ன செய்யலாம், அதை எழுதுங்கள் அக்கா என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் தனசேகரை விட்டுவிட்டு எழுத முடியாது.

நான் ஏர்போர்ட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு கம்பெனியின் சீருடை, பிறகு இன்னொரு கம்பெனியின் சீருடை. முதலில் கழிப்பறை துடைத்தேன். பிறகு சோதனை செய்யும் இடத்தில் காலி ட்ரே அடுக்கினேன். பிறகு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். பழவேற்காட்டிலிருந்து பஸ், மீஞ்சூரிலிருந்து ரயில், சென்ட்ரலில் இறங்கி பார்க் ஸ்டேஷனில் மறுபடி ரயில், திரிசூலம். போகவர ஆறு மணி நேரம். ட்ரெயினிங் என்று இரண்டு நாள் ஒரு அறையில் உட்கார வைத்து சிரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது வரவில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது ஷிப்ட் இன்சார்ஜ் தாமஸ் சார். நல்ல மனிதர் என்று சொல்லமாட்டேன். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர் பெயர்தான். “பழவேற்காடு, இங்க வா. அரக்கோணம், அந்தக் கயித்தை நேரா கட்டு.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தப்பு செய்தால் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லார் எதிரிலும் நிற்க வைத்து, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை நம் வாயாலேயே சொல்லச் சொல்வார். திட்டமாட்டார். நடுவில் நிறுத்தி, “அப்ப உன் கண்ணு எங்க இருந்துச்சு?” என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

ஆனால் அவருக்கு வேலை தெரியும். மற்ற இன்சார்ஜ்கள் எக்ஸ்ரே மெஷின் பக்கத்தில் நின்று வேகமாக, வேகமாக என்பார்கள். இவர் வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நிற்பார். சட்டைப் பையில் மடித்த தாள், காதில் பென்சில். எந்த ஆளால் வரிசை நின்றது, எதனால் நின்றது என்று குறிப்பார். பெல்ட், சில்லறை, தண்ணீர் பாட்டில், பையின் அடியில் போன லேப்டாப், பாஸ்போர்ட்டைத் தேடுகிறவர். ஒரு வாரம் குறித்தார். மெஷின் மெதுவாக இருப்பதால் வரிசை நிற்கவில்லை, மெஷின் முன்னால் வந்த பிறகு ஜனங்கள் தயாராவதால்தான் நிற்கிறது என்று அந்தத் தாளைக் காட்டிச் சொன்னார். அன்றிலிருந்து எங்களை வரிசைக் கயிற்றின் முதல் வளைவிலேயே நிறுத்தினார். “பெல்ட்டைக் கழட்டிப் பையில போட்டுக்குங்க, சில்லறையும் பையில, பாட்டிலைக் குடிச்சுட்டுப் போடுங்க.” இதைத்தான் நான் வருஷக்கணக்கில் சொன்னேன். மெஷினுக்கு வரும்போது ஜனங்கள் பையை மட்டும் வைத்துவிட்டு நடந்துவிடுவார்கள்.

இனி, பல வருஷம் முன்னால் நடந்த ஏழு பேர் கதை.

ஒரு நாள் காலை பஹ்ரைன் விமானம். கேட் மூட இருபத்தைந்து நிமிஷம்தான் இருந்தது. வரிசை நீளம். அப்படி நேரம் நெருங்கிவிட்டால், அந்த விமானத்துக்குப் போகிறவர்களை மட்டும் முன்னால் கூப்பிட்டு விடுவது வழக்கம். நான் கயிற்றுக்கு வெளியே நின்று, “பஹ்ரைன் போறவங்க முன்னாடி வாங்க” என்று மூன்று தடவை கத்தினேன். ஒரு குடும்பம் வந்தது, கோட்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள். அவ்வளவுதான். கேட்டிலிருந்து வயர்லெஸ்ஸில், இன்னும் ஏழு பேர் வரவில்லை என்றார்கள்.

தாமஸ் சார் வந்தார்.

“பழவேற்காடு, கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன் சார்.”

“எத்தனை வாட்டி?”

“மூணு.”

“யார் மூஞ்சியப் பார்த்துக் கூப்பிட்ட?”

நான் கூரை விளக்கைப் பார்த்துக் கத்தியிருந்தேன்.

அவர் வரிசையின் வாலுக்குப் போய், ஒவ்வொருவரிடமும் போர்டிங் பாஸைக் காட்டச் சொல்லிக்கொண்டே முன்னால் வந்தார். நானும் கூடப் போனேன். நடுவில் நின்றிருந்தார்கள் ஏழு பேரும். ஒரே மாதிரி நீலப் பை, ஒரே மாதிரி தொப்பி. ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நின்றார்கள். முதலில் நின்றவர் எங்கள் பக்கத்துக் குப்பத்து ஏழுமலை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாக்கா, நீ இங்கதான் கீறியா?”

“நான் கத்தினது காதுல வுழலயா?”

“வுழுந்துச்சே.”

“அப்புறம் இன்னாத்துக்கு நிக்கிற? பிளேனு போயிடும்யா.”

“முன்னாடி இவ்ளோ பேர் நிக்கிறாங்க. அவங்க பாட்டுல நாம எப்டிக்கா பூர்றது?”

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் கண்ட இடத்தில் கண்ட நாளில் வலை இறக்க முடியாது. எந்த இடத்தில் எந்த நாள் யார் என்று ஊர் பிரித்துக் கொடுக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு வரும்வரை மீன் துள்ளினாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்தவன் பாட்டில் வலை இறக்கினவன் ஊர்க்கூட்டத்தில் தலை குனிந்து நிற்பான், அவன் பிள்ளைக்குப் பெண் கேட்கப் போனாலும் அந்தப் பேச்சு வரும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஆளைப் பார்த்து, சீருடை போட்ட எவரோ ஒருவர், முன்னால் நிற்கும் அறுபது பேரைத் தாண்டி வா என்றால் வருவானா? பெண்களுக்குப் பாடு கிடையாது. அதனால்தானோ என்னவோ, அன்றுவரை எனக்கு இது தோன்றவே இல்லை.

“இன்னா சொல்றான்?” என்றார் தாமஸ் சார். அரை நிமிஷத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப எப்படித்தான் எடுப்பாங்க?”

“பாடு உள்ளவனே நீ போன்னு சொன்னா எடுப்பாங்க சார். பறிச்சாதான் தப்பு.”

“அப்ப கேளு.”

முன்னால் நின்ற ஒவ்வொருவரிடமும் போனேன். உங்களுக்கு எத்தனை மணிக்கு, இவங்களுக்கு இப்ப மூடப் போவுது, வழி விடறீங்களா. எல்லாரும் தலையாட்டினார்கள். ஏழுமலை பின்னாலிருந்து, “வாயால சொல்லச் சொல்லுக்கா” என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாயால் சொன்னார்கள். ஒரு இந்திக்காரர் “ஜாவ் ஜாவ்” என்றார், அதையும் ஏழுமலை கணக்கில் எடுத்துக்கொண்டார். கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் முடியாது, எனக்கும் வேலை இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். ஏழு பேரும் அவர் பின்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் அவரோடு சண்டைக்குப் போகப் பார்த்தேன். தாமஸ் சார் என் கையைத் தட்டினார். “ஒருத்தர்தானே, போகட்டும். சண்டை போட்டா அஞ்சு நிமிஷம், விட்டா ஒரு நிமிஷம்.” விட்டோம்.

அதோடு முடியவில்லை. கடைசி ஆளின் பை எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிந்தது. திறந்தார்கள். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள், துணியில் முடிந்து. அந்த ஊர் ஈயம் சரியில்லை என்று யாரோ சொன்னார்களாம். கூடவே வலை அறுக்கும் கத்தி. இதெல்லாம் கவுண்டரில் போடும் பெட்டியில் போயிருக்க வேண்டும். கத்தியையும் ஈயத்தையும் அங்கேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அதுவரை மற்ற ஆறு பேரும் அந்தப் பக்கம் நகராமல் நின்றார்கள். “நீங்க போங்கய்யா, அவர் வருவார்” என்றேன். “ஒரே போட் ஆளுங்கக்கா, வுட்டுட்டு எப்டிப் போறது?” என்றார்கள். தாமஸ் சார் வயர்லெஸ்ஸில் கேட்டுக்குச் சொன்னார்: “ஏழு பேரும் என் கண் முன்னாடி இருக்காங்க. நான் கூட்டிட்டு வர்றேன்.” ஓடவில்லை. அவர் முன்னால் நடக்க, ஏழு பேரும் வரிசையாகப் பின்னால் நடந்தார்கள். ஏறிவிட்டார்கள்.

அன்று ஷிப்ட் முடிவில் என்னை நிற்க வைத்தார். எல்லார் எதிரிலும் முழுக்கச் சொன்னேன். “அப்ப உன் கண்ணு எங்க இருந்துச்சு?” வந்தது. விளக்கில் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். நேரம் நெருங்கிய விமானத்துக்கு ஆள் தேடும்போது கத்த வேண்டாம். வாலிலிருந்து நடந்து, பாஸைப் பார்த்து, ஆளைக் கண்டுபிடி. அவர் காதில் விழும்படி முன்னால் இருப்பவரிடம் வழி கேள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இல்லை, வயதானவர்கள், முதல் தடவை வருகிறவர்கள், பாஷை தெரியாதவர்கள், கூச்சப்படுகிறவர்கள் என்று யாரெல்லாம் கூப்பிட்டால் வரமாட்டார்களோ எல்லாருக்கும் அது வேலை செய்தது. நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தோம்.

இப்போது அந்த வேலைக்கு ஆள் குறைத்துவிட்டார்கள். எல்லாம் திரையில் வருகிறதாம். நான்கு பேர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்கிறார், அவருக்கு வாலுக்கு நடந்து போக ஏது நேரம்? அவரை நான் குறை சொல்லவில்லை.

செல்வம் என் தெருக்காரன். மஸ்கட்டுக்குக் கிளம்பிய ஐந்து பேரில் அவன்தான் மூத்தவன். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவி தேவியோடு வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, உள்ள இன்னா இன்னா பண்ணணும்னு சொல்லிக்குடு. எனக்கு பேஜாரா கீது.”

சொன்னேன். கத்தி, வலை ஊசி, ஈயம் எல்லாம் பெரிய பெட்டியில். பவர் பேங்க் அதில் வைக்காதே, கைப்பையில் வை. கருவாட்டை மூன்று சுற்று பிளாஸ்டிக்கில் கட்டு. கைப்பையில் பணம், போன், பாஸ்போர்ட்டுக்குத் தனியாக ஒரு ஜிப். பெல்ட் போடாதே, அரைஞாணைச் சட்டைக்கு மேலே விடாதே. முதலில் கவுண்டர், பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரை, பிறகு சோதனை, பிறகு கேட். கேட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ, கழிப்பறை எல்லாம். மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இரு. அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில்.

“பெல்ட்டு இல்ல, செருப்பக் கூட கழட்டச் சொல்வாங்களா?” என்றாள் தேவி. “கோயில் மாதிரி கீதே. அர்ச்சனை உண்டா?”

“உங்கூட்டுக்காரன் முழிக்கிற முழிக்கு உண்டு” என்றேன்.

சிரித்துக்கொண்டு போனார்கள். பாஸ்போர்ட் விஷயம் சொன்னபோது மட்டும் செல்வம், “ஏஜென்ட்டுதான் வச்சிக்கீறாரு, அங்க வந்து குடுப்பாராம்” என்றான். அப்போதே நான் தனசேகரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

மறுநாள் நடந்ததை ஐந்து பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டேன். தாமஸ் சார் கேட்ட மாதிரி, முதலிலிருந்து கடைசி வரை. ஐந்தும் ஒன்றாகவே இருந்தது. விமானம் இரவு எட்டு மணிக்கு. இவர்கள் மதியம் மூன்று மணிக்கே ஏர்போர்ட் வாசலுக்குப் போய்விட்டார்கள். மீஞ்சூரில் மதியம் எடுத்த ரயில் டிக்கெட் ஒன்றை அவர்களில் ஒருவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் நேரம் அச்சாகியிருக்கிறது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இல்லாமல் வாசலில் உள்ளே விடமாட்டார்கள். தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தனசேகருக்கு ஆறு தடவை போன் செய்தார்கள். “வந்துக்கினே இருக்கேன், எங்கயும் போயிடாதீங்க” என்றார். அவர் ஐந்து பாஸ்போர்ட்டோடு வந்தபோது ஆறே முக்கால். கவுண்டர் மூடுவது ஏழு மணிக்கு.

கவுண்டரில் போர்டிங் பாஸ் போட்டுவிட்டார்கள். போர்டிங் பாஸில் கவுண்டருக்கு எத்தனையாவது ஆளாக வந்தோம் என்று ஒரு எண் இருக்கும். இது ஏர்போர்ட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் பார்ப்பதில்லை. ஐந்து பாஸையும் வாங்கிப் பார்த்தேன். அடுத்தடுத்த ஐந்து எண்கள், எல்லாம் பெரிய எண்கள். மற்றவர்கள் எல்லாரும் பாஸ் வாங்கிப் போன பிறகு கடைசியாகக் கவுண்டருக்கு வந்தவர்களுக்கு விழும் எண்.

பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, சோதனை வரிசைக்கு வந்தபோது ஏழு இருபத்தைந்து. ஊழியர் ஒருவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, மஸ்கட், மஸ்கட் என்று இரண்டு தடவை கூப்பிட்டாராம். செல்வத்துக்குக் காதில் விழுந்தது, புரிந்தும் இருக்கிறது.

“ஏண்டா போவல?” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். “முன்னாடி நாப்பது பேரு கீறாங்க. ஒரு அம்மா கைக்குழந்தையோட நின்னுது. அவங்களத் தாண்டி எப்டிக்கா போறது? நமக்குத் தெரியாத ஊரா இருந்தா இன்னா, தப்பு தப்புதானே.”

“கேட்டிருந்தா வுட்டிருப்பாங்கடா.”

“கேக்கலாம்னு எனக்கு யாரு சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. பவர் பேங்க் வரைக்கும் சொன்னவள், நேரம் போய்விட்டால் முன்னால் இருப்பவரிடம் வாய் திறந்து வழி கேள், அவர் சரி என்றால் அது பறித்ததாகாது என்பதைச் சொல்லவில்லை. பஹ்ரைன் ஏழு பேரைக் கண்ணால் பார்த்தவள் நான். வரிசையில் யாராவது நடந்து வந்து கேட்பார்கள் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன். அங்கே நடக்க ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அது என் தப்பு. தேவி வீட்டுக்குப் போய் அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

கேட்டுக்கு அவர்கள் போனபோது கதவு மூடியிருந்தது. பாஸ்போர்ட்டில் போட்ட முத்திரையை ரத்து செய்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. தனசேகருக்குப் போன் செய்தார்கள். அவர் முதலில் கேட்டது, “குடிச்சீங்களாடா?” இரண்டு நாளில் ஊரெல்லாம் அதுவே உண்மையாகிவிட்டது. எங்கள் ஊர் ஆண்களும் சும்மா இல்லை. மீன் ஏலம் போடும் இடத்தில் செல்வத்தைப் பார்த்து, “மஸ்கட்டுல சரக்கு எப்டிடா?” என்று கேட்கிறார்கள். பாட்டை மீறாததால் விமானத்தை விட்டவனைப் பார்த்து, பாட்டுக்காக வெட்டு குத்து வரைக்கும் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

ஏர்போர்ட்டில் வேகமாகப் போக என்ன வழி என்று கேட்ட பெண்களுக்கு என் பதில்: வழி சொல்லிக் கொடுப்பது பாதிதான். தன் பாஸ்போர்ட் தன் கையில் இல்லாதவன் எவ்வளவு தெரிந்துகொண்டாலும் வாசலில்தான் உட்கார்ந்திருப்பான். நம் ஊரில் இருந்து போகிற அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டையும் ஏஜென்ட்கள் கடைசி நிமிஷம் வரை பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆள் வேறு ஏஜென்ட்டிடம் ஓடிவிடுவான் என்ற பயம்தான் காரணம். செல்வத்துக்கு மூன்று மணிக்குப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தால், யாரையும் தாண்டாமல், யாரிடமும் கேட்காமல், தன் முறையிலேயே நின்று ஆறு மணிக்குக் கேட்டில் உட்கார்ந்திருப்பான்.

இதைச் சங்க இதழுக்குக் கொடுக்கிறேன். இன்றே ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். தனசேகர் அந்தக் குழுவில் இருக்கிறார்.

தனசேகர், என் பங்குத் தப்பை என் கையாலேயே எழுதிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு வாருங்கள். ஐந்து பேரும் இருப்பார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களும் இருப்பார்கள், அவர்கள் மூன்று மணியிலிருந்து உங்களுக்குப் போன் செய்த நேரங்கள் செல்வத்தின் போனில் அப்படியே இருக்கின்றன. அன்று மதியம் மூன்று மணியிலிருந்து ஆறே முக்கால் வரை அந்த ஐந்து பாஸ்போர்ட்டும் யார் பையில் இருந்தன? குடித்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? எல்லார் எதிரிலும் பதில் சொல்லுங்கள். சொன்ன பதிலை அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதுங்கள், நாங்கள் படித்த பிறகு அனுப்புங்கள்.